தேர்வு யாருடைய ஹக்கு?

நம் குடும்பத்துப் பிள்ளையொன்றுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால், அன்று வீடே பெருநாள் கோலம் பூணுகிறது. சில மாதங்கள் சென்றபின் அதே பிள்ளை, உறக்கம் தொலைத்த கண்களோடு விடுமுறைக்கு வந்து நிற்கிறது. "மார்க் எத்தனை?" என்பதே நாம் கேட்கும் முதற்கேள்வி. அக்கேள்வி முறைதானா என்பதை நாம் சற்றே சிந்திக்க வேண்டும்.

முதலாண்டின் சுமை சிறிதன்று. உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்று கடல்களை ஏறத்தாழ ஓராண்டிலேயே நீந்திக் கடந்தாக வேண்டும். முன்னர் 18 மாதங்களாக இருந்த இக்காலம், 1997ஆம் ஆண்டின் விதிகளால் 12 மாதங்களாகச் சுருக்கப்பட்டது. காலம் சுருங்கியதேயன்றி, மனித உடலின் 206 எலும்புகளில் ஒன்றேனும் குறைந்துவிடவில்லை! விரிவுரை, சடலத்தின் முன் நின்று செய்யும் அறுத்தாய்வு, செய்முறைச் சோதனை, இரவில் குறிப்பேடு, இடையிடையே உள்தேர்வும் வாய்மொழித் தேர்வும் என நாட்கள் ஓடுகின்றன. விரிவுரைக்கு 75 விழுக்காடும் செய்முறைக்கு 80 விழுக்காடும் வருகை வேண்டும். முதலாண்டுத் தேர்வில் தேற நான்கே வாய்ப்புகள். தமிழ்வழி பயின்று வந்த மாணவருக்கோ ஆங்கிலமும் ஒரு பாடமாகிவிடுகிறது.

இந்நெருக்கடியில்தான் சின்னஞ்சிறு பொய்கள் முளைக்கின்றன. செய்யாத சோதனைக்கு நண்பனின் குறிப்பேட்டிலிருந்து எண்களை எடுத்து நிரப்புவது. வராத தோழனுக்காக வருகைப் பதிவில் குரல் கொடுப்பது. "இதனால் யாருக்கு என்ன நட்டம்?" என்று பிள்ளை கேட்கக்கூடும். விடை காண, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பக்தாதுக்கு நாம் செல்ல வேண்டும்.

ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931. மருத்துவர் ஒருவரின் தவறான சிகிச்சையால் ஒருவர் மாண்ட செய்தி கலீஃபா முக்ததிரின் செவிக்கு எட்டியது. தலைமை மருத்துவர் சினான் இப்னு தாபித் சோதித்து ஒப்புதல் அளித்தவரன்றி வேறெவரும் அந்நகரில் மருத்துவம் பார்க்கலாகாது என அவர் ஆணையிட்டார். 800க்கும் மேற்பட்டோர் அச்சோதனைக்கு உட்பட்டனர் என அரபு வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

அந்தத் தேர்வு மருத்துவரின் பெருமைக்காகப் பிறந்ததன்று; ஒரு நோயாளியின் மரணத்திலிருந்து பிறந்தது. ஆகவே தேர்வு என்பது மாணவனின் உடைமையுமன்று, பெற்றோரின் விருதுமன்று. இன்னும் முகம் காணாத நோயாளியின் ஹக்கு. பொய்யாக நிரப்பிய குறிப்பேடு ஆசிரியரை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை. செய்யாததைச் செய்ததாக எழுதிப் பழகிய கை, நாளை நோயாளியின் ஏட்டில் பாராத நாடியையும் பார்த்ததாக எழுதக்கூடும் அன்றோ? மருத்துவம் கற்றறியாமல் மருத்துவம் பார்ப்பவர், நேரும் தீங்குக்குப் பொறுப்பாளி ஆவார் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. அறியாமை பாவமன்று; அறிந்ததாகக் காட்டுவதே அமானித மோசடி.

எனினும், பழி முழுவதையும் பிள்ளையின் தலையில் சுமத்துவது நீதியாகாது. நேர்மையாகச் சுமக்க இயலாத சுமையை ஏற்றிவிட்டு, ஏடு நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கல்விமுறையும் அதே நோயாளிக்குக் கடன்பட்டிருக்கிறது. நாமும் கடன்பட்டோரே. தோல்வியை ஊருக்கு அஞ்சி மறைக்கும் வீட்டில், உண்மை பேசும் துணிவு எங்ஙனம் வளரும்? ஒரு பாடத்தில் தவறிய மாணவன், "எனக்கு இது விளங்கவில்லை" என்று வெளிப்படச் சொல்லி, மீண்டும் படித்துத் துணைத்தேர்வில் தேறுவானாயின், அவன் இழந்தது சில வாரங்களே, காத்துக்கொண்டதோ அமானிதம்.

எனவே, அடுத்த விடுமுறைக்குப் பிள்ளை வரும்போது கேள்வியை மாற்றுவோம். முதலில் உணவு பரிமாறி உறங்கவிடுவோம். பின்னர், "எது விளங்கிற்று? எது இன்னும் விளங்கவில்லை?" என்று கேட்போம். விளங்காததை நம்மிடம் அஞ்சாமல் சொல்லும் பிள்ளையே, நாளை நோயாளியின் அருகில் நின்று, "இது எனக்குத் தெரியாது, அறிந்தவரை அழைக்கிறேன்" என்று சொல்லும். அந்த ஒரு சொல்லால் ஓர் உயிர் பிழைக்கலாம். அத்தகைய பிள்ளைகளை அல்லாஹ் நமக்கு அருள்வானாக!