உடம்பு ஏற்கவில்லையா?

"அவளின்ரை உடம்பு பிள்ளையை ஏற்குதில்லை." மூன்றாவது முறையும் கருச்சிதைவுற்று வைத்தியசாலையிலிருந்து திரும்பிய இளம் பெண் ஒருத்தியைப் பற்றி, அவள் காதில் விழும்படியாகவே உறவினர் ஒருவர் சொன்ன வார்த்தை இது. சொன்னவர் கெட்டவர் அல்லர். செபத்திலும் செலவிலும் அக்குடும்பத்தோடு நின்றவர். ஆயினும் அந்தச் சொல் ஒரு தீர்ப்பு. குற்றவாளி யார் என்பதை அது சொல்லிவிடுகிறது. அத்தீர்ப்பு நீதியானதா என்று பார்க்கவேண்டும். அதற்குச் சற்று உடற்றொழிலியலுக்குள் போகவேண்டியிருக்கிறது, வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

உடல் தன்னுடையதல்லாததை விலக்கும் என்பது உண்மைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிளாஸ்கோ நகரில் பீற்றர் மெடவார் என்ற விஞ்ஞானியும் தோமஸ் கிப்சன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரும், எரிகாயமுற்ற ஒரு பெண்ணுக்கு அவளுடைய சகோதரனின் தோலை ஒட்டிப் பார்த்தனர். தோல் அழிந்துபோயிற்று. இரண்டாம் முறை ஒட்டியது இன்னும் விரைவாக அழிந்தது. கூடப்பிறந்தவனின் தோலைக்கூட உடல் அந்நியமென்று கண்டுகொள்கிறது. ஒருமுறை கண்டதை நினைவிலும் வைத்திருக்கிறது. இதனையே நிர்ப்பீடனம் என்கிறோம். 1954இல் பொஸ்ரன் நகரில் முதன்முதலாகச் சிறுநீரக மாற்றம் நீடித்து வெற்றிபெற்றதும், கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையர் என்பதாற்றான்.

அப்படியாயின் கருவிலிருக்கும் பிள்ளை? அதன் பாதி தந்தையுடையது. சகோதரனின் தோலை விலக்கும் உடல் இதை ஒன்பது மாதம் எவ்வாறு தாங்குகிறது? 1953இல் மெடவார் இந்தக் கேள்வியை வெளிப்படையாக எழுப்பினார். ஒருவேளை தாயின் எதிர்ப்புச் சக்தி அக்காலத்தில் உறங்கிவிடுகிறதோ என்பது அவர் கூறிய விளக்கங்களுள் ஒன்று. அது தவறென்று பின்னர் தெளிவாயிற்று. கர்ப்பிணியின் உடலும் பிறர் தோலை விலக்கும், நோய்க்கிருமிகளோடு போராடும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் நச்சுக்கொடி என்பார்கள். பாடப்புத்தகம் சூல்வித்தகம் என்கிறது. அதன் பெரும்பகுதி தாயுடையதன்று, பிள்ளையுடையது. தாயின் குருதியில் நேரே தோய்ந்து நிற்பவை பிள்ளையின் கலங்களே. அவற்றின் வெளிப்படை, எண்ணற்ற கலங்கள் ஒன்றாய் இணைந்த இடைவெளியற்ற ஒரே விரிப்பு. தாயின் வெண்குருதிக் கலங்கள் நுழையச் சந்து இல்லை. (இவ்வாறு இணைக்கும் ஆற்றல், ஆதியில் ஒரு வைரசிலிருந்து வந்த பரம்பரையலகினால் கிடைத்தது என்று 2000ஆம் ஆண்டளவில் கண்டார்கள். நோய்க்கிருமி விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு கட்டிய தொட்டில்!) உறுப்பு மாற்றத்தில் பெரும் பகையை மூட்டும் அடையாளங்கள் இவ்விரிப்பின்மேல் இல்லை. கருப்பைச் சுவருக்குள் வேரோடும் கலங்களோ, அந்த அடையாளங்களுட் சிலவற்றைக் களைந்து, எச்.எல்.ஏ.-ஜி என்ற வேறோர் அடையாளத்தை அணிந்துகொள்கின்றன.

இதுவரை சொன்னது பிள்ளை ஒளிந்துகொள்வதைப் போலத் தோன்றலாம். ஆனால் தாயின் பக்கமும் வெறுமனே இருப்பதில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பையின் உட்படையிலுள்ள வெண்கலங்களில் நூற்றுக்கு எழுபது வரையானவை, "கொல்லும் கலங்கள்" என்று பெயர் பெற்ற இனத்தைச் சேர்ந்தவை. அவை வருபவனைக் கண்டுகொள்கின்றன, கண்டும் கொல்வதில்லை. தாயின் குருதிக் குழாய்கள் அகன்று பிள்ளைக்கு உணவு பாய உதவுகின்றன. தந்தையின் அடையாளத்தை அறிந்து, தாக்க வரும் மற்றக் கலங்களை அடக்கும் கலங்களும் உள. அதே வேளையில் கருப்பையின் உட்படை எல்லையும் வகுக்கிறது. முந்திய சத்திரசிகிச்சைத் தழும்பினால் அந்தப் படை குறைந்த இடத்தில் நச்சுக்கொடி அளவுக்கு மிஞ்சி ஆழ வேரோடி, பிரசவத்தின்போது தாயின் உயிருக்கே ஆபத்தாவதுண்டு.

ஆகவே விலக்குவதே உடலின் பொது விதி. ஏற்பதுதான் விளக்கம் வேண்டி நிற்பது. இந்த இடத்தில் ஒரு பிரசங்கம் செய்ய யாருக்கும் ஆசை வரும்: தாய்மையின் தியாகத்தைப் பாருங்கள், அந்நியனையும் அணைக்கும் அன்பைப் பாருங்கள் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. கலத்துக்கு அன்பு கிடையாது. புனித தோமஸ் அக்குவினாஸ், அறிந்து விரும்பிச் செய்வதை மட்டுமே மனிதனுக்குரிய செயலாகக் கொண்டார். யோசனையில் ஆழ்ந்தவன் தன்னையறியாமல் தாடியைத் தடவுவதை அதிற் சேர்க்கவில்லை. கருப்பையின் வேலை தாடி தடவுவதிலும் எத்தனையோ மடங்கு நம் விருப்பத்துக்கு அப்பாற்பட்டது. பிள்ளை தங்கியவளின் கலங்களைப் புண்ணியமென்று புகழத் தொடங்கினால், தங்காதவளின் கலங்களைப் பாவமென்று சொல்லவேண்டி வரும். அந்த உறவினர் செய்தது வேறென்ன?

அவர் சொன்னது உண்மையாக இருக்கவும் பெரும்பாலும் இடமில்லை. ஆரம்ப மாதங்களில் நிகழும் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்கு, முளையத்தின் நிறமூர்த்த எண்ணிக்கையில் தற்செயலாக நேர்ந்த பிழையே காரணம். தாயின் உடல் மெய்யாகவே எதிர்க்கும் நிலைகளும் உண்டு; அவை நோய்கள். றீசஸ் குருதி வேறுபாட்டினால் பிள்ளையின் செங்குருதிக் கலங்களைத் தாயின் பிறபொருளெதிரிகள் அழிப்பதைத் தடுக்க 1968இலிருந்து ஊசிமருந்து உண்டு. மீண்டும் மீண்டும் கரு கலையும் சில பெண்களின் குருதியில் வேறொரு வகைப் பிறபொருளெதிரி காணப்படும். அஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுத்தால் அவர்களிற் பலர் பிள்ளை பெறுகிறார்கள்.

இன்னொன்று. 1996இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண் பிள்ளை பெற்று 27 ஆண்டுகள் கழிந்த ஒரு தாயின் குருதியில் அந்தப் பிள்ளையின் கலங்களைக் கண்டது. கரு கலைந்த பெண்களிலும் இவ்வாறான கலங்கள் காணப்பட்டுள்ளன. அவை அங்கே நன்மை செய்கின்றனவா தீமை செய்கின்றனவா என்று ஆய்வாளர் இன்னும் வாதிடுகிறார்கள். இதை ஆறுதல் மொழியாக்க நான் துணியேன். ஆனால் ஏற்கவில்லை என்று சொல்லப்பட்ட அந்த உடம்பு, இழந்த பிள்ளையின் கலங்களை இன்றும் தன்னுள் வைத்திருக்கக் கூடும்.

அந்தப் பெண்ணைப் பின்னர் ஒரு வைத்தியர் மேற்சொன்ன குருதிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு என்ன என்பது அவளுக்கும் அவள் கணவனுக்கும் உரியது. மூன்று பிள்ளைகளை இழக்கும் வரை ஒருவரும் அவளை அதற்கு அனுப்பவில்லை. உடம்பு ஏற்கவில்லை என்று வீட்டில் முதல் முறையே தீர்மானித்துவிட்டார்கள்.