வினைப்பயனும் மருத்துவமும்

நோயும் சாக்காடும் கருவிலேயே அமைந்தன என்பது சிவஞான சித்தியார் கூறும் முடிபு. அங்ஙனமாயின், உயிர் ஊசலாடும் நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவிற் சேர்க்கப்படும் குழவிக்கு மருத்துவர் செய்யக்கடவது யாது? பிழைப்பது ஊழாயின் மருத்துவம் மிகை. இறப்பது ஊழாயின் அது வீண். இங்ஙனம் கூறுவார் நம்மவருள்ளும் உளர். அவர் கூற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கண்கூடாக நிகழ்ந்ததொன்றை வைத்து நோக்குதல் நலம். 2012ஆம் ஆண்டில், அச்சன்புதூருக்கு அணித்தாகிய கடையநல்லூரிலும் அதன் சூழலிலும் டெங்குக் காய்ச்சல் பரவிற்று. அவ்வாண்டு தமிழ்நாட்டில் 12,826 பேர் அந்நோயுற்றனர் எனவும், 66 பேர் மாண்டனர் எனவும் அரசுக் கணக்குக் கூறும். இந்நோயிற் பெரும்பாலும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் உடற்சூடு தணியும். பிள்ளை தேறிற்று எனப் பெற்றோர் மகிழ்வர். நோய் முற்றிய குழவிக்கோ அப்பொழுதே குருதியின் நீர்ப்பகுதி நாளங்களினின்றும் கசியும், கைகால் குளிரும், நாடி மெலியும். வயிற்றுநோவு, ஓயாத வாந்தி, ஈறு மூக்குகளிற் குருதி, மிக்க சோர்வு என்பன அதன் முன்னறிகுறிகள். உடனே சேர்ப்பின், நாடியும் சிறுநீரும் இடையறாது நோக்கி, அளவறிந்து உப்புநீர் ஏற்றுவர். குறையின் உயிர் நில்லாது; மிகின் நுரையீரலைச் சூழ நீர் கோத்து மூச்சு முட்டும். சிகிச்சையின்றி விடப்படின், கடுமையுற்றாருள் நூற்றுக்கு இருபதின்மேலும் இறத்தல் கூடும். காலத்தே முறையாகச் செய்யின், அத்தொகை ஒன்றினுங் குறையும் என்பது உலக சுகாதார நிறுவனத்தார் கூற்று.

இவ்வேறுபாடு வினைக்கொள்கையை அழிக்குமோ எனின், அழியாது. வினை சடமாதலின் தானே வந்து பயன் தாராது. முதல்வன் கூட்டுவிக்க, பிற உயிர்களையும் பொருள்களையும் வாயிலாகக் கொண்டே வந்து பயன் தரும். நோய் கொசுவை வாயிலாகக் கொண்டு வந்தது போலவே, அதன் நீக்கமும் மருத்துவர் கையை வாயிலாகக் கொண்டு வரும். முன்னதை ஊழென ஒப்பிப் பின்னதை ஊழுக்குப் புறம்பென்பது ஒருதலை வழக்காம். மேலும், எந்தக் குழவிக்கு எஃது அமைந்தது என நாம் அறியோம். நுகர்ந்த பின்னரே பிராரத்தம் இன்னதெனத் தெரியும். தெரியாததொன்றைக் காட்டிக் கைவிடுவோனுக்கு, அக்கைவிடுதலே ஆகாமியமாய் ஏறும்.

மருத்துவரும் இறப்பைக் கணிக்கின்றனரே எனின், அக்கணிப்பின் இயல்பையும் அறிதல் வேண்டும். 1988இல் வெளியிடப்பட்ட பிரிசம் என்னும் முறை, சேர்க்கப்பட்ட குழவியின் நாடி, குருதியழுத்தம், மூச்சு முதலியவற்றைக் கொண்டு இறப்பு நேர்தற்குரிய அளவைக் கணிப்பது. ஒத்த நிலையினர் நூற்றுவருள் இருபதின்மர் இறப்பர் என அது கூறுமேயன்றி, அவ்விருபதின்மர் யாவர் எனக் கூறாது. எதிர்பார்த்ததினும் குறைந்தோர் இறந்தனரா, மிக்கோர் இறந்தனரா எனக் கண்டு தம் பணியை மருத்துவர் திருத்திக்கொள்ளுதற்கே அது பெரிதும் பயன்படும். குழவியின் நெற்றியில் எழுதிய எழுத்தாக அதனைக் கொள்ளுதல் பிழை.

கொடிமாடச் செங்குன்றூரில் அடியாரைக் குளிர்சுரம் பற்றியபொழுது, ஆளுடைய பிள்ளையார் வினையென வாளா இருந்திலர். திருநீலகண்டப் பதிகம் ஓதி அதனைப் போக்கினார் எனப் பெரியபுராணம் கூறும். ஊழை அவரினும் நன்குணர்ந்தேம் என்பார் நம்முள் யாவர்?

இனி, செய்வன யாவுஞ் செய்தும் குழவி இறப்பதுண்டு. அவ்வேளையில் ஈன்றாளை நோக்கி, முற்பிறப்பில் என்ன பாவஞ் செய்தாளோ எனக் கூறுவது நம் ஊர்களிற் கேட்கும் சொல். இது வினைக்கொள்கையைக் கொடுமைக்குக் கருவியாக்குதல். தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு வகுத்த உண்மையைப் பிறர் துன்பத்தைத் தான் எளிதிற் பொறுத்தற்குக் கொள்வது தகாது. அத்தாய் தன்னைத்தானே பழித்து நையாமலும், மருத்துவர் மனமுடைந்து அடுத்த குழவியைக் கைவிடாமலும் காத்தற்கே அவ்வுண்மை அப்போது பயன்படுதல் வேண்டும்.

ஆதலின், காய்ச்சல் தணிந்தும் சோர்ந்து கிடக்கும் பிள்ளையைக் காண்பார், ஊழாராய்ச்சியைப் பின்னர் வைத்து, முன்னர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. மடங்களின் வாயிலாக இதனை ஊர்தோறும் எடுத்துரைத்தல் நம் அன்பர்க்குக் கடன்.