வெளிச்சத்துக்காக நிற்கும் முகூர்த்தம்

ஆந்திரத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கார்வேட்டிநகரம் பக்கத்துக் கல்யாணங்களில் இரண்டு விதமான முகூர்த்தம் உண்டு. தெலுங்கு வீடென்றால் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே திரை பிடித்து, குறித்த நொடியில் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் வைக்க வேண்டும். தமிழ் வீடென்றால் கெட்டிமேளம் முழங்கத் தாலி ஏற வேண்டும். எதுவானாலும் அந்த நொடி தப்பக்கூடாது. அதற்காகத்தான் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ராகுகாலம் தவிர்த்து, மண்டபத்துக்கு இரட்டை வாடகை கொடுத்து, விடிகாலை நாலரை மணிக்குப் பெரியவர்களைக் குளிரில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அந்த நொடியில் போட்டோகிராபர் கையைத் தூக்குகிறார். "சாமி, ஒரு நிமிஷம். மாப்பிள்ளை கை முகத்தை மறைக்குது." புரோகிதர் நிறுத்துகிறார். தாலி அந்தரத்தில் நிற்கிறது. லைட்டைத் திருப்பி, அத்தையை நகரச் சொல்லி, பெண்ணை நிமிரச் சொல்லி, "இப்ப கட்டலாம்" என்கிறார். கட்டுகிறார்கள். யாருக்கும் கோபமில்லை, யாரும் அபசகுனம் என்று சொல்வதில்லை.

அந்த நிமிடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பெண்ணைப் பெற்ற தாய் அழுதுகொண்டு கேட்டாலும் நிற்காத முகூர்த்தம், கேமராவுக்கு நின்றிருக்கிறது. கிரகங்கள் குறித்த நேரம் என்பது நம் நம்பிக்கைதான், வேண்டுமென்றால் அதை நிறுத்தலாம் என்பதை மேடையில் இருக்கிற அத்தனை பேரும் செயலால் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அப்படியானால் என் கேள்வி இதுதான்: வெளிச்சம் போதவில்லை என்று தாலியை நிறுத்த முடிந்தவருக்கு, பெண்ணுக்கு வயது போதவில்லை என்று நிறுத்த ஏன் வாய் வருவதில்லை?

இது கற்பனைக் கேள்வியல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆந்திரத்தில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 29.3 விழுக்காட்டினருக்குப் பதினெட்டு நிறைவதற்கு முன்பே கல்யாணமாகிவிட்டது. தமிழ்நாட்டில் 12.8. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, எட்டுப் பெண்களில் ஒருத்தி என்பது சின்னக் கணக்கல்ல. இப்போது தமிழ்நாட்டில் இருக்கும் திருத்தணி ஒருகாலத்தில் கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்தது. 1960 வரை இரண்டும் ஒரே சித்தூர் மாவட்டம். மாநிலக் கோடு போட்டபிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை.

போட்டோகிராபர் என்ன செய்வார் பாவம், தாலி கட்டும்போதுதானே வருகிறார் என்பார்கள். அது பழைய கதை. இப்போது நிச்சயதாம்பூலத்துக்கே அவர் வந்துவிடுகிறார். பிறகு ஜோடியைத் தனியாக அழைத்துப்போய், குளத்துப் படியிலும் மாந்தோப்பிலும் நிற்க வைத்து அரைநாள் எடுக்கிறார். மேக்கப் போடுவதற்கு முன்னும் பின்னும் பெண்ணைப் பார்ப்பவர் அவர். முகத்தைத் திரையில் பெரிதாக்கிப் பருவைத் துடைப்பவரும் அவர்தான். தோளில் கை போடச் சொன்னால் எந்தப் பெண் வெட்கப்படுகிறாள், எந்தப் பெண் உடம்பு ஒடுங்கிப்போகிறாள் என்ற வித்தியாசம் அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைப் பட்டுப்புடவையும் ஒட்டியாணமும் இருபத்திரண்டு வயதுக்காரியாகக் காட்டும். அந்தப் பொய்யைச் செம்மையாக்கி, ஆல்பமாகக் கட்டி, காசு வாங்கிக் கொடுப்பது யார்?

2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, அப்படிப்பட்ட திருமணத்தை நடத்தி வைப்பவரோடு அதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் இரண்டாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. வயது நிறைந்திருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்ததாக அவர் நிரூபித்தால்தான் தப்பலாம். 13ஆம் பிரிவோ, கல்யாணம் நடப்பதற்கு முன்பே மாஜிஸ்திரேட் தடையாணை போட வழி செய்கிறது. விவரம் தெரிந்த யாரும் அதற்குப் புகார் கொடுக்கலாம், பெற்றவர்களோ உறவினரோ ஆக வேண்டியதில்லை. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையில் கிடைக்கும் அந்தச் சில வாரங்கள் போட்டோகிராபர் கையில் இருக்கின்றன. மேடையில் கலாட்டா தேவையே இல்லை.

2018 ஜூலையில் துருக்கியின் மலாத்யா நகரில் ஓனூர் அல்பாய்ராக் என்ற கல்யாண போட்டோகிராபர், மணப்பெண் நடுங்குவதைப் பார்த்து வயது கேட்டார். பதினைந்து. படமெடுக்க மாட்டேன் என்றார். ஒப்பந்தத்தைக் காட்டி மாப்பிள்ளை மல்லுக்கு நிற்க, கைகலப்பில் மாப்பிள்ளையின் மூக்கு உடைந்தது. அடிதடியை நான் பாராட்டவில்லை. ஆனால் அவளுக்கு அத்தனை உறவினர் இருக்க, வயதைக் கேட்டவர் கூலிக்கு வந்த அந்த ஒருவர்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பக்கத்து நாராயணவனத்தில்தான் பத்மாவதியை சீனிவாசன் மணந்ததாகப் புராணம். கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கினார், திருமலை உண்டியல் இன்றும் அந்த வட்டிக்குத்தான் போகிறது என்று எங்கள் பக்கத்துப் பாட்டிமார் பக்தியோடு சொல்வார்கள். கடவுளுக்கே அடையாத கல்யாணக் கடன் என்ற எச்சரிக்கை அதில் இருப்பதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. டிரோன், எல்ஈடி திரை, பாட்டுக்கு வாயசைக்கும் வீடியோ என்று போட்டோச் செலவே தனிக் கடனாகிவிட்டது. அப்படி ஏறிய செலவைப் பார்த்துத்தான் சில வீடுகளில், அக்காவுக்குப் போட்ட பந்தலிலேயே தங்கைக்கும் முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஒரே மேடையில் இரண்டு ஜோடி என்று ஆர்டர் வந்தால், இரண்டாவது பெண்ணின் வயதைக் கேட்காமல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது.

"நான் மாட்டேன்னா அடுத்த கடைக்குப் போவாங்க" என்பதும் உண்மைதான். போகட்டும். ஆனால் அதைவிடப் பலமாக வாயைக் கட்டுவது வேறொன்று: "மணவறை வரைக்கும் வந்து நின்னுபோன பொண்ணுன்னா அப்புறம் யார் கட்டுவாங்க?" நல்ல மனசுக்காரர்களையே இந்தப் பேச்சு ஊமையாக்கிவிடுகிறது. இதை நேராகப் பார்ப்போம். நின்றுபோன கல்யாணத்தால் அவள் உடம்பில் ஒரு கீறல் விழவில்லை, மூளையில் ஒரு குறை வரவில்லை. கறை என்று எதுவும் அவளிடம் இல்லை. அது ஊரார் நாக்கில் இருக்கிறது. நடந்துவிட்ட கல்யாணத்தின் விளைவோ அவள் உடம்பிலேயே இருக்கிறது: இடுப்பெலும்பு முழுதாக வளராத வயதில் பிரசவம், ரத்தசோகை, பாதியில் நின்ற படிப்பு. ஊர்ப்பேச்சுக்குப் பயந்து உடம்பைப் பலி கொடுப்பதைப் பாசம் என்று அழைக்க என்னால் முடியாது. பெண்ணுக்குப் பதினாறு தாண்ட வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அதே ஆண்டு சாரதா சட்டம் பதினாலில் நின்றது, அதற்கே வைதிகர்கள் தர்மம் அழிந்ததென்று கூக்குரலிட்டார்கள். தர்மம் அழியவில்லை. பதினெட்டு என்று 1978இல் உயர்த்தியபோதும் அழியவில்லை.

செய்ய வேண்டியது சிறியது. ஆர்டர் எடுக்கும்போது மணமக்கள் பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் என்று எழுதிக்கொள்ளும் நோட்டில் பிறந்த தேதியையும் எழுதி, பள்ளிச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். எல்லாரிடமும் கேட்டால் யாருக்கும் அவமானமில்லை, சட்டத்தின் முன் போட்டோகிராபருக்கும் அதுவே பாதுகாப்பு. குறைந்த வயதென்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

தெரிந்தும் தெரியாமலும் ஏற்கெனவே எடுத்துக் கொடுத்த கல்யாணங்கள் பல ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைத் திருமணம் பொதுவாகத் தானாகச் செல்லாமல் போவதில்லை. அந்தப் பெண்ணே கோர்ட்டுக்குப் போய் ரத்து கேட்க வேண்டும், இருபது வயது நிறைவதற்குள். அன்று அவள் வந்து கேட்டால், தேதியோடு இருக்கும் படங்கள் சாட்சி. இடம் போதவில்லை என்று அவற்றை அழித்துவிடாதீர்கள். அவள் கேட்டால் காசு வாங்காமல் கொடுங்கள்.