யாரைக் கை காட்டுவது?

நம்ம ஊர் அமானுஷ்யத் தொடர்களில் ஒரு வசதி உண்டு, கவனித்திருக்கிறீர்களா? யார் செத்தாலும் பின்னால் ஓர் ஆள் இருக்கும். பேயோ, பாம்போ, பில்லி சூனியமோ, சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பாவோ! சும்மா செத்தவர் என்று யாரும் கிடையாது.

அமெரிக்காவில் 1997 முதல் 2003 வரை ‘பஃபி’ என்றொரு தொடர் ஓடியது. ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பெண்ணின் கதை. வாராவாரம் ஒரு பிசாசு. 2001 பிப்ரவரியில் ‘தி பாடி’ என்றொரு எபிசோட். எழுதி இயக்கியவர் ஜாஸ் வீடன். பஃபி வீட்டுக்குள் வருகிறாள். சோபாவில் அம்மா, கண் திறந்தபடி. போய்விட்டார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. சூனியம் இல்லை, பேய் இல்லை. பின்னணி இசைகூட இல்லை. பிணவறையில் ஒரு காட்டேரி எழுந்து வருகிறது. அதைத் தீர்த்துக்கட்டுகிறாள் பஃபி. பக்கத்தில் அம்மா அப்படியேதான் கிடக்கிறார்.

அடுத்த எபிசோடில் தங்கை மந்திரம் போட்டு அம்மாவை அழைக்கிறாள். கதவு தட்டப்படுகிறது. கடைசி நொடியில் மனசு மாறி, மந்திரத்துக்கு வைத்த போட்டோவை அவளே கிழிக்கிறாள். கதவைத் திறந்தால்... யாருமில்லை.

இப்போது நம்ம பக்கம் வாருங்கள். ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ ஒரு வீடு. லாரியில் லோடு ஏற்றிப்போன அப்பா, ஐம்பது வயசு, வழியிலேயே மாரடைப்பில் போய்விட்டார். சாமியானா கட்டி முடிப்பதற்குள் விசாரணை ஆரம்பம். ‘மருமவ கால் வெச்ச நேரம்.’ ‘பங்காளிங்க என்னமோ பண்ணிட்டாங்க.’ ‘கருப்பனாருக்கு நேந்த கெடாவை வெட்டல.’ யாரும் சிக்காவிட்டால் இருக்கவே இருக்கிறான் மகன். ‘காலையில ஒரு போன் போட்டிருந்தா காப்பாத்திருக்கலாமோ’ என்று தனக்குத்தானே தண்டனை எழுதிக்கொள்வான்.

பற்று எழுதினால் எங்கோ வரவு எழுதியே ஆகவேண்டும் என்பது கணக்குப் புத்தகத்துக்குச் சரி. சாவுக்கும் அதே நோட்டைத் தூக்கினால் எப்படி? சாவுக்குக் காரணம் இருக்கும். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, தூங்காத ராத்திரிகள். ஆனால் காரணம் வேறு, குற்றவாளி வேறு. நிஜமாகவே யாராவது தப்பு செய்திருந்தால் கேளுங்கள், கேஸ்கூட போடுங்கள். இல்லாத குற்றவாளியைத் தேடாதீர்கள்.

‘யாரும் செய்யவில்லை’ என்ற பதில் நமக்குப் பயம். அப்படியென்றால் நாளைக்கு நம் வீட்டிலும் நடக்கலாமே! அந்தப் பயத்தை மறைக்கத்தான் ஓர் ஆளைத் தேடுகிறோம். நமக்கு அது ஒருநாள் ஆறுதல். கை காட்டப்பட்ட பெண்ணுக்கோ, ஆயுசுக்கும் ‘ராசியில்லாதவள்’ என்ற பட்டம்.

அடுத்த தடவை எழவு வீட்டுக்குப் போனால், மூலையில் தனியாக நிற்கும் மருமகள் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒன்றும் பேச வேண்டாம். செத்தவர் அவளுக்கும் மாமனார்தானே?