எர்மோன் மலையடியில் ஒரு காவல்

கர்த்தர் நல்லவர். சிறு வயதில் குடும்ப ஜெபத்தில் வாசித்துக் கேட்ட எர்மோன் மலையின் அடியில், நீலத் தலைக்கவசமும் தோளில் துப்பாக்கியுமாக நிற்கும் பாக்கியத்தை அவர் எனக்குத் தந்தார். அங்கே அவர் காட்டியதை மறைத்து வைக்க என்னால் ஆகாது. ஆகவே இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

இடம், தெற்கு லெபனானின் கிழக்குக் கோடி. 1978 மார்ச்சில் பாதுகாப்பு மன்றத்தின் 425, 426-ஆம் தீர்மானங்களால் பிறந்தது அங்குள்ள ஐ.நா. படை. 1998 முதல் அதில் இந்தியப் பட்டாளமும் உண்டு. 2000-இல் இஸ்ரேல் ராணுவம் பின்வாங்கியபோது, அது முழுதாக வெளியேறியதா என்று சரிபார்க்க ஐ.நா. ஒரு கோடு வரைந்தது. சுமார் 120 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நீலக்கோடு நாட்டெல்லை அல்ல. ஆனாலும் உலகத்தில் அதைவிடக் கவனமாகக் கண்காணிக்கப்படும் மண் குறைவு. கோட்டைக் காட்ட நீலப் பீப்பாய்களை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு பீப்பாய் நிறுத்தவே முதலில் கண்ணிவெடிகளை அகற்றிப் பாதை செய்ய வேண்டும். தெற்கே வேலி, கேமரா, கோபுரம். வடக்கே ஆலிவ் தோட்டங்கள், ஆட்டு மந்தைகள். அவற்றுக்கு நடுவே எங்கள் வெள்ளை வண்டி.

ரோந்து போகிறவனுக்கு அங்கே ஒவ்வோர் அடியும் கணக்கு. மேய்ச்சலில் ஓர் ஆடு கோட்டைத் தாண்டினாலும், அதைத் திருப்ப மேய்ப்பன் ஓடினாலும், இரு பக்கத்துத் தொலைநோக்கிகளும் திரும்பும். நாங்கள் பார்ப்போம், குறித்துக்கொள்வோம், தகவல் சொல்வோம், இரு தரப்பையும் அமைதிப்படுத்துவோம். எங்கள் கால்நடை மருத்துவர்கள் அந்த ஊர்களின் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்ப்பார்கள். துப்பாக்கி பெரும்பாலும் தற்காப்புக்கே.

இத்தனை பதற்றத்துக்கும் மேலே, வடகிழக்கில், எர்மோன். உயரம் 2,814 மீட்டர். லெபனானும் சிரியாவும் அதன் தோள்களில் சந்திக்கின்றன. தெற்குச் சரிவு 1967 முதல் இஸ்ரேலின் கையில். சிரியா பக்கம் 1974 முதல் இன்னொரு ஐ.நா. படை காவல் இருக்கிறது. இத்தனை பேர் காவல் காக்கும் மலையின் தலையில் வெண்பனி. முதல் முறை அதைப் பார்த்தபோது என் கண் நிறைந்துவிட்டது. உடன் இருந்த சுபேதார் மதுரைக்காரர்.

“என்னப்பா, கண்ணு கலங்குது?”

“சாப், இது எங்க வேதத்துல வர்ற மலை.”

அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். “மலைன்னாலே சாமிதானே. நல்லா கும்பிட்டுக்கோ” என்றார். அந்தப் பெரிய மனதுக்காக இன்றும் ஆண்டவரைத் துதிக்கிறேன்.

ஒரு வசந்தகாலத்தில் வஸ்ஸானி ஊற்றுக்குப் போனோம். எர்மோன் சுண்ணாம்புப் பாறை மலை. உருகும் பனி மேலே ஓடிவிடாமல் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி, மண்ணுக்கடியில் நடந்து, அடிவாரத்தில் ஊற்றாகப் பொங்குகிறது. ஹஸ்பானி ஆற்றின் மேல்பகுதி கோடையில் வற்றினாலும், அந்த ஆற்றில் கலக்கும் இந்த ஊற்று வற்றுவதில்லை. எதிர்க்கரை மேட்டில் கஜர் என்ற ஊர். நீலக்கோடு அந்த ஊரையே இரண்டாகப் பிளந்துபோகிறது. 2002-இல் லெபனான் இந்த நீரைக் குடிநீருக்காக இறைக்க முற்பட்டபோது, இஸ்ரேலோடு போர் மூளுமோ என்று வல்லரசுகள் தூது அனுப்பின. அவ்வளவு பகை சூழ்ந்த தண்ணீரில் குனிந்து கை நனைத்தேன். எலும்பு வரை குளிர்ந்தது. பொதிகையிலிருந்து இறங்கிவரும் எங்கள் தாமிரபரணியில் மார்கழி விடியலில் இறங்கினாற்போல் இருந்தது.

அப்போது வேதம் எனக்குள் திறந்தது.

இந்த ஹஸ்பானியும், எர்மோனின் தென்கால்களில் பிறக்கும் பானியாஸ், தாண் ஊற்றுகளும் ஹூலா சமவெளியில் ஒன்றாகின்றன. ஒன்றானபின் அதற்குப் பெயர் யோர்தான். என் கையில் இருந்தது யோர்தானின் குழந்தைப் பருவம்! வேலி இருக்கிறது, கோபுரம் இருக்கிறது. தண்ணீர் யாரிடமும் அனுமதி கேட்காமல் போய்க்கொண்டே இருக்கிறது.

சீரியாவின் படைத்தலைவன் நாகமான் நினைவுக்கு வந்தான். அவனும் என்னைப் போல அந்நிய மண்ணுக்கு வந்த சிப்பாய். அவன் நாட்டுப் படை எல்லை தாண்டிச் சிறைபிடித்து வந்த ஒரு சிறு பெண்தான், தன் எஜமான் குஷ்டம் நீங்கிப் பிழைக்க வேண்டும் என்று ஏங்கினாள். எல்லையால் அனாதையான குழந்தையின் வாயில் எல்லையற்ற இரக்கம்! யோர்தானில் ஏழு முறை மூழ்கும்படி தீர்க்கதரிசி சொல்லியனுப்பியபோது அவனோ முகம் சுளித்தான். தமஸ்குவின் ஆப்னாவும் பர்பாரும் இதைவிட மேலான நதிகள் என்றான். பர்பார் என்று அறிஞர்கள் அடையாளம் காட்டும் ஆவாஜ் ஆறு எங்கே பிறக்கிறது தெரியுமா? இதே எர்மோனின் கிழக்குச் சரிவில். அவன் மெச்சிய ஆறும் இகழ்ந்த ஆறும் ஒரே மலையின் பனி. மனிதன் பக்கம் பிரிக்கிறான். கர்த்தரின் பனி இரு பக்கமும் இறங்குகிறது. ஏழு முறை மூழ்கியபோது அவன் கழற்றி வைத்தது குஷ்டத்தை மட்டுமல்ல, அந்தப் பெருமையையும்.

இதையும் விஞ்சிய ஒன்றை ஆவியானவர் காட்டினார். பிதா தம் குமாரனை நேசர் என்று வானத்திலிருந்து அறிவித்த சம்பவங்கள் சுவிசேஷங்களில் இரண்டு. ஒன்று யோர்தான் ஆற்றில், ஞானஸ்நான வேளையில். மற்றொன்று மறுரூப மலையில். பழைய பாரம்பரியம் அந்த மலையைத் தாபோர் என்கிறது. ஆனால் இயேசு அதற்கு ஆறு நாள் முன்பு, இன்று பானியாஸ் எனப்படும் பிலிப்புச் செசரியா பக்கம் இருந்தார். ஆகவே அது எர்மோனே என்று கருதும் வேத அறிஞர்கள் பலர். என் உள்ளமும் அதையே பற்றிக்கொண்டது. அவருடைய வஸ்திரத்தின் வெண்மையை மாற்கு உறைபனிக்கு ஒப்பிடுகிறார். அந்தப் பனி என் தலைக்கு மேலே. அந்த ஆறு என் கைக்குள்ளே. மகிமையின் மலையையும் தாழ்மையின் ஆற்றையும் ஒரே தண்ணீர் இணைக்கிறது!

யோர்தான் கடைசியில் எங்கே போகிறது? கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே, பூமியின் நிலப்பரப்பிலேயே மிகத் தாழ்ந்த இடமாகிய சவக்கடலுக்கு. அந்தப் பள்ளத்துக்கு அருகில்தான் என் ஆண்டவர் பாவிகளோடு வரிசையில் நின்று தண்ணீரில் இறங்கினார். இறங்குவதே அவர் சுபாவம்! உயரத்தில் தங்கிவிட அவருக்கு மனமில்லை. சகோதரர் ஒருமித்து வாழும் இன்பத்தைப் பாட வந்த 133-ஆம் சங்கீதக்காரன், எர்மோனில் இறங்கும் பனியைத் தேடி எடுத்ததன் பொருள் அன்று எனக்கு விளங்கியது. ஒற்றுமை கீழிருந்து கட்டி எழுப்பும் மதில் அல்ல. மேலிருந்து இறங்கும் ஈவு. நெஞ்சு தாங்கவில்லை. சீருடையில் நின்றபடியே உதடு மட்டும் அசைய, “ஸ்தோத்திரம் அப்பா, ஸ்தோத்திரம்” என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். என்னைச் சுற்றியிருந்த மலையும் நீரும் என்னோடு சேர்ந்து அவரைப் போற்றின. நான் பூமியில்தான் நிற்கிறேனா என்பதே மறந்துபோயிற்று.

அதற்குப் பிறகு என் காவல் வேலையே ஜெபமாயிற்று. தெற்கே கோபுரத்தில் நிற்கும் இளைஞனையும் வடக்கே ஆலிவ் உதிர்க்கும் பெரியவரையும் ஒரே மூச்சில் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பேன். சண்டை நின்றிருக்கும்படி பார்த்துக்கொள்வது சிப்பாயின் கடமை. சமாதானத்தைத் தருகிறவர் அவர் ஒருவரே.

2023 அக்டோபரில் மீண்டும் போர் மூண்டது. நாங்கள் ரோந்து போன கியாம் போன்ற ஊர்கள் இடிந்தன. கோட்டுக்குத் தெற்கேயும் ஊர்கள் காலியாயின. 2024 நவம்பர் 27-இல் போர்நிறுத்தம் வந்த பிறகும் குண்டுச் சத்தம் முற்றிலும் ஓயவில்லை. அந்தச் செய்திகளை அழுதுகொண்டுதான் கேட்டேன். ஆயினும் என் விசுவாசம் தளரவில்லை. அந்தக் குளிர்காலங்களிலும் எர்மோன்மேல் பனி இறங்கியது, ஊற்று ஓடியது, அவர் கிருபையும் இறங்குகிறது.

பிரியமானவர்களே, உங்கள் குடும்ப ஜெபத்தில் அந்த மலையடி ஊர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு பக்கத்துத் தாய்மாரையும் பேர் தெரியாமலே நினையுங்கள். வீட்டுக்குள்ளும் சபைக்குள்ளும் நாம் போட்ட வேலிகளின் அடியிலும் அவர் இரக்கம் பாயும்படி இடம் கொடுங்கள். உயரத்திலிருந்து நமக்காக இறங்கி வந்தவருக்கே சகல துதியும் கனமும் மகிமையும் உண்டாவதாக. ஆமென்.