நாலு சாவியும் ஒரு வாளப்பளமும்

எங்கள் ஸ்பானிஷ் வகுப்பு ஒரு சாவியில் வந்து சிக்கிக்கொண்டது.

வகுப்பு என்று சொல்வதே அதிகம். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மூன்று பேர் வீடியோ காலில் உட்காருவோம். நான் எட்டயபுரம். இன்னொருத்தன் கோவில்பட்டி. மூன்றாவது ஆள் நாகர்கோவில்காரி. மூவரும் ஒரே கல்லூரியில் பொறியியல் படித்தவர்கள். எனக்கு அலுவலகத்தில் மெக்சிகோ டீமோடு வேலை. கோவில்பட்டிக்காரனுக்கு மெஸ்ஸி பைத்தியம், பேட்டிகளைக் கேட்டுக் கேட்டே மொழியைப் பிடித்தவன். நாகர்கோவில்காரி மட்டும் ஸ்பெயினில் அச்சான பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படிக்கிறாள். (மூவரில் உருப்படியாகப் பேசுவதும் அவள்தான்.)

சாவிக்கான ஸ்பானிஷ் சொல் இரண்டு 'எல்' எழுத்தோடு தொடங்கும். நான் 'யாவே' என்றேன். மெஸ்ஸி ரசிகன் 'ஷாவே' என்றான். அர்ஜென்டினாவில் அப்படித்தான். நாகர்கோவில்காரி தேடிப் பார்த்து, பழைய உச்சரிப்பு 'ல்யாவே', ஆண்டிஸ் மலைப்பக்கம் அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்றாள். அப்புறம்தான் உறைத்தது, நாலாவது சாவி எங்கள் இடுப்பிலேயே தொங்குகிறது. தமிழின் 'சாவி' போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. ஜன்னல், மேசை, அலமாரியெல்லாம் வந்த அதே வழி. ஸ்பானிஷ் சாவிக்கும் போர்த்துக்கீசியச் சாவிக்கும் லத்தீனில் ஒரே தாய். அரை மணி நேரம் மூவரும் குழந்தைகள் மாதிரி நாலு சாவிகளையும் மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தோம்.

அடுத்த வாரம் 'காஸா'. 'எஸ்' போட்டு எழுதினால் வீடு, 'இஸட்' போட்டு எழுதினால் வேட்டை. ஸ்பெயினின் பெரும்பகுதியில் இரண்டாவதற்கு நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து, ஆங்கில 'திங்க்' போல ஓர் ஒலி. லத்தீன் அமெரிக்கா முழுக்க இரண்டும் ஒன்றே. ஏதோ ஒரு ராஜாவுக்குத் திக்குவாயாம், அவரைப் பார்த்து நாடே அப்படிப் பேசியதாம் என்று ஒரு கதை உண்டு. சுத்தக் கட்டுக்கதை. திக்குவாயாக இருந்தால் எல்லா 'ஸ'வும் அல்லவா மாறியிருக்கும்? அவர்கள் 'ஸ' வரவேண்டிய இடத்தில் அழகாக 'ஸ'தான் சொல்கிறார்கள்.

அட்லாண்டிக்கைக் கடந்து போன கப்பல்களெல்லாம் செவில் பக்கத்திலிருந்து கிளம்பின. அந்தத் தெற்கத்தி உச்சரிப்புதான் கப்பலேறிப் போனது. இன்று 20 நாடுகளில் ஸ்பானிஷ் ஆட்சிமொழி. அதைப் பேசுகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் ஸ்பெயினில் இருக்கிறார். 1713-இல் தொடங்கிய மாட்ரிட் மொழிக்கழகமே இப்போது இரண்டு உச்சரிப்பும் சரி என்கிறது. சமைப்பதும் தைப்பதும் ஒரே மாதிரி ஒலித்துக் குழப்பம் வந்தால், லத்தீன் அமெரிக்கர்கள் சமைப்பதற்கு வேறொரு சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் பிரச்சினை.

"என்ன பெருந்தன்மையான மொழி!" என்றேன் நான்.

சொன்ன வாய் மூடுவதற்குள் வேறொன்று ஞாபகத்துக்கு வந்தது.

கல்லூரி முதலாமாண்டு. ஹாஸ்டல் மெஸ்ஸில் "அண்ணே, ஒரு பளம் குடுங்க" என்று கேட்டேன். மேசையே சிரித்தது. எங்கள் பக்கம் ழகரம் நாக்கில் ஏறாது. 'வாளப்பளம்', 'மளை', 'கிளவி' என்றுதான் வரும். நாலு வருஷம் என் பெயர் 'பளம்'. ராத்திரி குளியலறையில் நாக்கை மடித்து மடித்துப் பழகி, இரண்டாம் செமஸ்டருக்குள் ழகரத்தைப் பிடித்துவிட்டேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. பாரதி பிறந்த ஊர்க்காரனுக்கு ழ வராதா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியாகிவிட்டதே.

மூன்றாம் ஆண்டில் நண்பர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா ஒரு சீப்பைத் தட்டில் வைத்து, "வாளப்பளம் எடுத்துக்கிடுங்கய்யா" என்றாள். யாரும் சிரிப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். "அது வாழைப்பழம்மா." ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மாதான் லேசாகச் சிரித்தாள்.

அன்றிலிருந்து அம்மா 'பனானா' என்கிறாள். என் நண்பர்கள் முன்னால், என் மனைவி வீட்டார் முன்னால், என் முன்னால். கடைக்காரரிடம், நான் பக்கத்தில் இல்லாதபோது, இன்னும் பளம்தான்.

போனஸ் ஐரிஸ்காரன் 'ல்ய'வைத் தொலைத்ததை ரசிக்கிறவனுக்குப் பெற்றவள் ழகரத்தைத் தொலைத்தது பொறுக்கவில்லை. ஏன்? அங்கே ரசிப்பதற்கு எனக்குச் செலவில்லை என்பது ஒரு காரணம். என் 'யாவே'யைக் கேட்டு எவனும் என் தெருவைக் கண்டுபிடிக்க முடியாது. தமிழில் ஒரு சொல் போதும். முதலில் ஊர், அடுத்தது தெரு, அதற்கடுத்து எது என்று உங்களுக்கே தெரியும். மெஸ்ஸில் சிரித்தவர்கள் ஒலியைக் கேட்டு மட்டும் சிரிக்கவில்லை.

இதை வகுப்பில் சொன்னபோது நாகர்கோவில்காரி ஒப்புக்கொள்ளவில்லை. "அதுக்காக ழ போனா போகட்டும்ங்கியா? உழவும் உளவும் ஒண்ணா? வாழையும் வாளை மீனும் ஒண்ணா? எங்க ஆச்சி பள்ளிக்கூடத்துப் பக்கமே போகல, ழ சுத்தமா வரும். அது படிச்சவன் சொத்துன்னு நீயா முடிவு பண்ணாத."

அவள் சொல்வது சரி. ழகரத்தை எனக்கும் பிடிக்கும், கற்றதற்காக வருந்தவும் இல்லை. ஆனால் ஸ்பானிஷில் பெரும்பான்மையின் உச்சரிப்பு காலப்போக்கில் மரியாதை பெற்றுவிட்டது. தமிழில் தெற்கே ள, யாழ்ப்பாணத்திலும் ள, சென்னைப் பக்கம் சில வாய்களில் ய. இத்தனை பேர் பேசியும் அது இன்னும் 'தப்பு' என்றே இருக்கிறது. ஒலி போகிறதே என்ற கவலை நியாயமானது. அந்தக் கவலைக்கான விலையை யாரிடம் வசூலிக்கிறோம் என்பதில்தான் எனக்குச் சிக்கல். லத்தீன் அமெரிக்கர் குழப்பத்தைத் தவிர்க்கச் சொல்லை மாற்றினார். அம்மா அவமானத்தைத் தவிர்க்க மாற்றினாள்.

எங்கள் கடற்கரைக்கு மொழி கற்க வந்தவர்களையும் யோசித்தேன். 1542-இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தாய்மொழி பாஸ்க். தெரிந்தவர்களைக் கொண்டு ஜெபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடமாக ஒப்பித்தார். 1544-இல் கூட உழைத்தவருக்கு எழுதிய ஒரு கடிதத்தில் திருத்தம் சொல்கிறார்: நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று சொல்லிவருகிறோம், இனி 'விசுவாசம்' என்று சொல்லுங்கள் என்று. கவனியுங்கள், அங்கே இருப்பது 'வேண்டும்' அல்ல, 'வேணும்'. சில ஆண்டுகளில் புன்னைக்காயலில் அன்ரிக் பாதிரியார் தமிழை ஆழமாகவே கற்று, 1549 வாக்கில் போர்த்துக்கீசியத்தில் அதற்கு ஓர் இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது அவர் உழைப்பில்தான். அந்த இலக்கணத்தில் அவர் எழுதிவைத்தது பெரும்பாலும் பரதவர் வாயில் கேட்ட தமிழை. அவருக்கு அதுதான் தமிழ்.

போன ஞாயிறு எங்களுக்குப் பழங்கள் பாடம். வாழைப்பழத்துக்கு ஸ்பானிஷில் நாட்டுக்கு நாடு பெயர். ஸ்பெயினில் 'பிளாத்தனோ', வெனிசுவேலாவில் 'கம்பூர்', டொமினிகன் குடியரசில் 'கினேயோ'. "அர்ஜென்டினாவில?" என்றேன். கோவில்பட்டிக்காரன் சொன்னான்: "பனானா."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் அம்மாவுக்குப் போன் போட்டேன். சந்தைக்குப் போய் வந்ததாகச் சொன்னாள். கத்தரிக்காய், முருங்கைக்காய், பனானா. 'பளம்னே சொல்லும்மா' என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அதுவும் இன்னொரு திருத்தமாகிவிடும். பதினைந்து வருஷம் கழித்துத் திரும்பவும் அவள் வாய்க்குள் கைவிடுவது மாதிரி. அதனால் வேறு வழியில் போனேன்.

"நாட்டுப் பளமாம்மா வாங்கின?" என்றேன். ளகரம் என் வாயில் ஸ்பானிஷ் மாதிரி ஒலித்தது.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"என்னல, வாய் கொளறுது? தூக்கம் தெளியலையா?" என்றாள்.