ஊற்றிய கைக்கு என்ன பாத்தியம்?

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது ஆறுதலுக்குச் சொல்லும் பழமொழி. திருவண்ணாமலையில் அது பாதி நேரம் பொய்த்துப்போகிறது. கன்றைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டவர் மாலையே பஸ் ஏறிவிடுகிறார். ஊற்றுவது வேறொருவர். பாறை கொதிக்கும் இந்த ஊரில் இரண்டு மூன்று கோடையைத் தாண்டினால்தான் கன்று மரமாகும். அதுவரை சம்பளமில்லாமல் குடம் தூக்கியவருக்கு அந்த மரத்தின்மேல் என்ன பாத்தியம்? ஒன்றுமே இல்லை என்றால் நன்றிகெட்ட பேச்சாகிவிடும். எல்லாம் உண்டு என்றால் பொதுத் தோட்டம் தனித் தோட்டமாகிவிடும்.

விறகு, மேய்ச்சல், தீ மூன்றும் சேர்ந்து அண்ணாமலையை மொட்டைப் பாறையாக்கி வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. 1987இல் ரமணாசிரமத்தை ஒட்டி வாழ்ந்த ஒரு பெண் துறவி, ஆஸ்திரேலியாவில் காடுகளுக்காகப் போராடிக்கொண்டிருந்த ஜான் சீடுக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார். அதன் தொடர்ச்சியாக மலையில் மரம் வளர்க்க ஒரு சங்கம் உருவானது. அண்ணாமலையார் கோயிலின் உள்மதிலுக்கும் வெளிமதிலுக்கும் நடுவே வீணாய்க் கிடந்த நிலத்தில் அவர்களுடைய நாற்றங்கால் எழுந்தது. பிறகு 'தி ஃபாரஸ்ட் வே' போன்ற அமைப்புகள் வந்தன. நாட்டு மரங்களின் விதை பொறுக்குவது, மழை தொடங்கியதும் குழி எடுத்து நடுவது, கோடையில் காய்ந்த புல்லைச் செதுக்கித் தீ தாண்டாதபடி வெற்றுப் பட்டை விடுவது என்று ஆண்டு முழுவதும் வேலை. மலை இன்று பச்சையாகத் தெரிகிறது என்றால் இப்படிப்பட்ட கைகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

கூலி வாங்காமல் இப்படி உழைப்பது வெளிநாட்டார் கொண்டுவந்த வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். நாவுக்கரசரைச் சிலையாக வடிக்கும் சிற்பி அவர் தோளில் உழவாரத்தைச் சாத்தாமல் விடுவதில்லை. பிரகாரத்துப் புல்லைச் செதுக்கும் கருவி அது. ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் பழைய கோயில்களுக்குப் போய்ச் செடி பிடுங்கும் குழுக்கள் இன்றும் தங்கள் வேலையை உழவாரப்பணி என்றுதான் சொல்கின்றன.

ஆனால் ஒரு துடைப்பம் இரண்டு கைகளில் இரண்டு விதமாகிவிடுகிறது. தன்னார்வலர் குனிந்து கூட்டினால் சேவை. அதே தெருவை விடியற்காலையில் கூட்டுபவருக்குப் பேர்கூட யாருக்கும் தெரியாது. துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் 2020இல் தூய்மைப் பணியாளர் என்று மாறியது. பெயர் மாறிய அளவுக்கு நிலைமை மாறவில்லை என்பதை 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் பல நாள் போராடி உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் ஊருக்கே காட்டினார்கள். திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியானது. பூங்காவுக்குத் தோட்டக்காரர் வைப்பது மாநகராட்சியின் கடமை. அந்த வேலையை நல்லவர்கள் நாலு பேர் இலவசமாகச் செய்துகொடுத்தால் தோட்டக்காரர் பணியிடம் கோப்பிலேயே உறங்கும். யாரோ ஒருவர் வீட்டு அரிசி அதில் அடங்கியிருக்கிறது. சரி, கோப்பு நகரும்வரை கன்று காத்திருக்குமா? காத்திருக்காது. ஆகவே இன்று ஊற்றத்தான் வேண்டும். ஊற்றிக்கொண்டே ஆள் போடச் சொல்லி மனுவும் கொடுக்க வேண்டும். மனுக் கொடுக்காமல் ஊற்றுவது மட்டும் போதும் என்று இருந்துவிடுவதில்தான் ஒரு சுகம் ஒளிந்திருக்கிறது: ஆள் போட்டுவிட்டால் நமக்கு இங்கே என்ன வேலை என்ற பயம்.

இன்னொரு சுகம் எண்ணிக்கை. இத்தனை ஆயிரம் கன்று, இத்தனை லட்சம் கன்று என்று பதாகை கட்டுவதற்கு முன்னால் இந்த ஊர்க் கதை ஒன்றை நினைக்கலாம். ரமணருக்கு அன்றாடம் சோறு கொண்டுவந்த எச்சம்மாள் லட்சம் இலைகளால் அருச்சனை செய்வதாக நேர்ந்துகொண்டார். பாதி தூரம் போனதும் கோடையில் இலை கிடைக்கவில்லை. ரமணரிடம் வந்து கேட்டபோது, இலைக்குப் பதில் உன் உடம்பைக் கிள்ளி அருச்சித்தால் என்ன என்கிற பொருளில் பதில் கிடைத்தது. இலையைக் கிள்ளுவதும் கன்றை நடுவதும் ஒன்றல்லதான். ஆனால் எண்ணிக்கைக்காகக் குழி தோண்டும்போது, அடுத்த சித்திரையில் எது பிழைத்தது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவற்றைவிடக் கடினமானது வேலி. கன்று வைத்தால் வேலி வேண்டும். வேலி போட்டால் கதவு வரும், கதவு வந்தால் பூட்டு வரும், பூட்டு வந்தால் சாவி ஒருவர் இடுப்பில் ஏறும். பிறகு பலகை: ஆடு மேய்க்கக் கூடாது, சுள்ளி பொறுக்கக் கூடாது, படுத்து உறங்கக் கூடாது. மலையடிவாரத்தில் ஆடு ஓட்டியவர்கள் தோட்டத்தார் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஓரத்தில் துண்டை விரித்துப் படுக்கும் சாமியாருக்கு அந்த நிழல்தான் வீடு. அழகைக் கெடுக்கிறார் என்று அவரை எழுப்பினால் அந்த அழகு யாருக்காக?

திருமலையில் அனந்தாழ்வான் கதை இதற்குத்தான் சொல்லப்பட்டதோ என்று தோன்றும். ராமானுஜர் சொல்லுக்காக மலையேறி நந்தவனம் அமைத்தவர், அதற்கு நீர் நிறுத்தக் குளம் வெட்டினார். கர்ப்பிணி மனைவி மண் சுமந்தாள். ஒரு சிறுவன் வந்து, நானும் சுமக்கிறேன் என்றான். பணி எங்களுடையது, பங்கு தர முடியாது என்று விரட்டினார். அவருக்குத் தெரியாமல் சிறுவன் அவளுக்கு உதவ, கோபத்தில் கடப்பாறையை எறிந்தார். அது சிறுவனின் மோவாயில் பட்டது. சந்நிதியில் பார்த்தால் பெருமாள் மோவாயில் ரத்தம். அந்தக் காயத்துக்கு வைத்த பச்சைக் கற்பூரம் இன்றும் வைக்கப்படுகிறது. கடப்பாறையும் கோயில் வாசலில் இருக்கிறது. பக்தியின் உச்சம் என்று இதைச் சொல்வார்கள். யாருக்காகப் பூ வளர்த்தாரோ அவரையே தோட்டத்துக்குள் விடாத கதையாகவும் இதைப் படிக்கலாம்.

வேலியே வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேலியில்லாத கன்று ஒரு வாரத்தில் ஆட்டுக்கு இரையாகும். இது மேய்ப்பவருக்கே நன்றாகத் தெரியும். ஆனால் வேலிக்கு ஒரு கெடு உண்டு. கன்றின் கொழுந்து ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை அது நியாயம். அதற்கு மேலும் கம்பி நிற்கிறதென்றால் காக்கப்படுவது மரமல்ல. அந்தக் கெடுவை முதல் நாளே மேய்ப்பவரிடம் சொல்லி, எந்தப் பக்கம் இந்த ஆண்டு அடைப்பு, எந்தப் பக்கம் திறப்பு என்று பேசி முடிவெடுப்பதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு டீ போதும்.

அப்படியானால் ஊற்றியவருக்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அப்படியொரு நாளில், வெட்டுவதற்கு முன் என்னிடம் சொல் என்று கேட்கும் உரிமை தண்ணீர் ஊற்றியவருக்கு இருக்கிறது. ஆனால் அதே உரிமை அந்த மரத்தடியில் இளநீர் விற்றவருக்கும் இருக்கிறது. ஊற்றியதால் குரல் கொஞ்சம் முந்தி ஒலிக்கலாம், தனியாக ஒலிக்க முடியாது.

இப்படிக் கேட்கப்படாத குரல்கள் மலைச்சரிவிலும் உண்டு. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், இந்த ஊர் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண் வீட்டின்மேல் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் பிள்ளைகள். சரிவில் வீடு கட்டியவர்களை ஆக்கிரமிப்பாளர் என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவது அப்போதும் சிலருக்குக் கைவந்தது. மலையை நேசிப்பவர் வாயில் அந்தச் சொல் சீக்கிரம் வரும், ஏனென்றால் அவர் கண்ணுக்கு மலை தெரிகிற அளவுக்கு அதன் காலடியில் அடுப்பு மூட்டுபவர் தெரிவதில்லை.

மலைப்புல் காய்ந்து நிற்கும் மாசி பங்குனியில் எங்காவது புகை கிளம்பும். பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு இருட்டில் மேலே ஓட வேண்டும். எந்தப் பாறையைச் சுற்றினால் காற்றுக்கு எதிர்ப்பக்கம் போகலாம், எங்கே கால் வைத்தால் சறுக்கும் என்பது ஆடு ஓட்டிப் பழகிய காலுக்குத்தான் தெரியும். பலகை எழுதியவர் அந்நேரம் ஆடு ஓட்டுபவரின் வீட்டுக் கதவைத்தான் போய்த் தட்ட வேண்டியிருக்கும்.